வீட்டில் ஷூ தைக்கும் பெண் எந்த வர்க்கம்?

கேள்வி: எங்கள் தெருப் பெண்களில் சிலர் ஆம்பூர் ஏற்றுமதி ஷூ கம்பெனிகளுக்குப் போகிறார்கள், சிலர் வீட்டிலிருந்தே ஷூவின் மேல்பாகத்தைக் கையால் தைத்துக் கொடுக்கிறார்கள். எல்லார் கையிலும் செல்போன், வாசலில் தவணை ஸ்கூட்டர். இன்னமும் தொழிலாளி வர்க்கம் என்று எழுதுகிறீர்களே, பொருந்துமா?
– வாசகர், பேரணாம்பட்டு

பதில்: ஸ்கூட்டரை எண்ணுவதோடு நிற்காமல், அதன் அடுத்த தவணையை எதைக் கொண்டு கட்டுவார்கள் என்றும் அந்தப் பெண்களிடம் கேளுங்கள். 2020 ஊரடங்கில் ஐரோப்பிய ஆர்டர்கள் நின்றபோதும், 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மீதான வரியை 50 விழுக்காடாக உயர்த்தியபோதும், நம் பகுதித் தோல் தொழில் முதலாளிகளும் கலங்கினார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் முதலாளி வங்கியிடம் அவகாசம் கேட்கலாம். நிரந்தரத் தொழிலாளியை ஆட்குறைப்பு செய்தால், பணிபுரிந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் ஊதியம் தரவேண்டும் என்று சட்டம் இருக்கிறது. ஒப்பந்ததாரர் மூலம் வந்தவருக்கோ ‘நாளை வர வேண்டாம்’ என்ற ஒரு சொல்தான். வீட்டில் தைப்பவருக்கு அந்தச் சொல்லும் கிடைப்பதில்லை, தைக்க வேண்டிய கட்டு வராமல் நின்றுவிடும். உலகச் சந்தையின் நட்டம் யார் தலையில் கடைசியாக இறங்குகிறதோ, அவரை நான் தொழிலாளி வர்க்கம் என்கிறேன்.

24 மாதங்களில் 480 நாள் தொடர்ந்து பணிபுரிந்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் 1981-லேயே சட்டம் வந்தது. அந்தக் கணக்கு நிறையுமுன் ஆளை நிறுத்தி, சில நாள் கழித்துப் புதியவராகச் சேர்த்துக்கொள்வதைத் தந்திரம் என்று மென்மையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அது உரிமைப் பறிப்பு.

உங்களுக்கு அருகிலுள்ள குடியாத்தத்தையே பாருங்கள். ஏஜெண்டிடம் இலையும் தூளும் வாங்கி வீட்டுத் திண்ணையில் பீடி சுற்றும் பெண்ணையும் தொழிலாளி என்று 1966ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்றுக்கொண்டது. அதே திண்ணையில் அமர்ந்து வெளிநாட்டுக் கடைக்கு ஷூ தைக்கும் பெண்ணுக்கென்று அப்படி ஒரு தனிச் சட்டம் வரவில்லை. வீட்டிலிருந்து வேலை செய்வோருக்காகப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1996-இல் நிறைவேற்றிய உடன்படிக்கையையும் இந்தியா ஏற்கவில்லை.

அந்தப் பெண்களிடம் ஒன்று சொல்லுங்கள்: எத்தனை ஜோடி தைத்தோம், என்ன கூலி வாங்கினோம் என்பதைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி, கட்டு கொண்டுவருபவரின் கையெழுத்தையும் வாங்கி வைக்கட்டும். நாளை தொழிலாளர் அலுவலகத்தில் கூலி கேட்டு நிற்க நேர்ந்தால், அவர்கள் கையில் இருக்கப்போகும் சாட்சி அந்த நோட்டுதான்.