மாதம் இரண்டு ஞாயிறு மட்டுமே கிடைக்கும்; வறிய வீட்டுப் பிள்ளைகளை வீடு தேடிச் சென்று பார்ப்பதில் பயன் உண்டா?

கேள்வி கேட்டவர் பெங்களூரில் வேலை பார்ப்பதாகவும், மாதத்தில் இரண்டு ஞாயிறுகள் சேலத்தில் இருப்பதாகவும், படிப்பை விட்டுவிட்ட அல்லது விடும் நிலையிலுள்ள பிள்ளைகளை அவர்கள் வீட்டிலேயே சென்று பார்க்க விரும்புவதாகவும் எழுதியிருக்கிறார். பயன் உண்டு என்பதே என் பதில். ஆனால் முதல் சில மாதங்களுக்கு அந்த வீட்டுக்கு உங்களால் செலவுதான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

2021 அக்டோபர் 27 அன்று தமிழக அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகைக்குச் சேர்ந்த தன்னார்வலர்களில் நானும் ஒருத்தி. பெயரில் இல்லம் இருந்தாலும் நடந்தது தெருவுக்கு ஒரு வகுப்புதான். மாலை ஐந்து மணிக்கு மேல் ஒரு திண்ணையிலோ கோயில் மண்டபத்திலோ பிள்ளைகள் வந்து உட்காருவார்கள். வராத பிள்ளையை ஏன் வரவில்லை என்று கேட்கப் போனதில்தான் என் வீட்டுச் சந்திப்புகள் தொடங்கின. என் வகுப்பு நின்ற பிறகும் அந்தப் பழக்கம் நிற்கவில்லை.

சேலத்தில் பல தெருக்களில் வீடே பட்டறை. அம்மாப்பேட்டை, குகைப் பக்கம் போனால் தறி. சிவதாபுரம், பனங்காடு பக்கம் போனால் வெள்ளிக் கொலுசு. நான் அதிகம் போனது ஒரு கொலுசு வேலைக்காரர் வீட்டுக்கு. பத்தாம் வகுப்பில் கணக்கில் தவறிய பதினாறு வயதுப் பையன் அங்கே அப்பாவுடன் உட்கார்ந்து சலங்கை பற்றவைத்துக்கொண்டிருந்தான். முதல் நாள் உள்ளே நுழைந்ததும் புழுக்கம் தாங்காமல் நானே மின்விசிறியைப் போட்டுவிட்டேன். தீ நாக்கு சாய்ந்தது. அப்பா ஒன்றும் சொல்லாமல் கையை நிறுத்தினார். பையன் எழுந்து விசிறியை அணைத்துவிட்டு, "காத்து ஆகாதுங்க அக்கா" என்றான். அன்று இரவு சேலையை மடிக்கும்போது கரையில் ஒரு சலங்கை மாட்டிக்கொண்டு இருந்ததைப் பார்த்தேன். மிளகு அளவுகூட இருக்காது. அங்கே வெள்ளி எடை போட்டு வரும், எடை போட்டுத்தான் திரும்பப் போகும். சேதாரத்துக்கு மேல் குறைந்தால் கூலியில் பிடித்துக்கொள்வார்கள். உடனே ஓடினேன். அந்த அம்மா தரையைப் பெருக்கிய தூசியை முறத்தில் வைத்து விளக்கடியில் துழாவிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு நான் கைப்பை கொண்டு போனதில்லை. வாசலோரம் உட்கார்ந்து பழகிக்கொண்டேன்.

இன்னொரு செலவு பால். நான் போகும்போதெல்லாம் சின்னப் பெண் கடைக்கு ஓடுவதையும், அரை லிட்டர் பாக்கெட்டைக் கணக்கில் எழுதச் சொல்லி வாங்கி வருவதையும் மூன்றாவது முறைதான் கவனித்தேன். எதுவுமே வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்று நினைப்பீர்கள், சொல்லாதீர்கள். எங்கள் வீட்டில் தண்ணீர் குடிக்க மாட்டார் போலிருக்கிறது என்று அவர்கள் நினைத்துக்கொள்ள நம் ஊரில் காரணங்கள் நிறைய உண்டு. பால் ஒத்துக்கொள்ளாது, வரக்காப்பி போதும் என்று நான் சொன்ன பொய் இன்றுவரை செல்லுபடியாகிறது.

நேரத்தை நீங்கள் குறிக்காதீர்கள், அவர்களிடம் கேளுங்கள். வாரக் கூலி சனிக்கிழமை மாலை கைக்கு வரும் வீடுகளில் அந்த இரவு கடன்காரர் வருவார், சில வீடுகளில் சண்டையும் வரும். உங்களுக்குக் கிடைத்திருப்பது ஞாயிறு என்பதால் காலை பத்து மணிக்கு முன்போ மாலை நான்குக்குப் பின்போ போவது நல்லது. மதியம் அவர்கள் வாரத்தில் ஒருநாள் கறி எடுத்துச் சமைத்துச் சாப்பிடும் நேரம், அதற்குள் நுழைந்தால் ஒரு பங்கு உங்களுக்குப் போய்விடும்.

போய் என்ன செய்வது என்றால், அறிவுரை தவிர எதையும் செய்யலாம். அந்தப் பையனுக்குப் படிப்பின் அருமையைச் சொல்லப் பலர் இருந்தார்கள். தவறிய ஒரு பாடத்தைத் துணைத் தேர்வில் எழுதலாம் என்பதையும், கணக்கு வராமலே போனாலும் எட்டாம் வகுப்புத் தேர்ச்சியோடு அரசு தொழிற்பயிற்சி நிலையத்தில் (ஐடிஐ) வயர்மேன், வெல்டர் பிரிவுகளில் சேரலாம் என்பதையும், அங்கே கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு என்பதையும் பக்கத்தில் உட்கார்ந்து விண்ணப்பத்தோடு சொல்ல ஒருவரும் இல்லை. அப்பாவின் கணக்கு வேறு: பையன் பட்டறையை விட்டு எழுந்தால் வாரத்துக்கு எவ்வளவு குறையும்? அந்தக் கணக்கைப் போடாமல் பேசுகிறவரை அந்த வீடு மரியாதையாகக் கேட்டு அனுப்பிவிடும். நாங்கள் அதை ஒரு பழைய நோட்டில் போட்டோம். போட்டதில் குறைவு நான் நினைத்ததைவிடப் பெரிதாகவே இருந்தது. அவன் இப்போது காலையில் ஐடிஐ, இரவில் சலங்கை என்று இருக்கிறான். இது சரியான ஏற்பாடு என்று நான் சொல்ல மாட்டேன்.

பதினான்கு வயதுக்குக் குறைந்த பிள்ளை என்றால் நிலைமை வேறு. 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டப்படி, பள்ளி நேரம் போக, ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் கைகொடுக்க மட்டுமே அனுமதி. பள்ளியை நிறுத்திவிட்டு வேலையில் உட்காரவைப்பதற்கு இல்லை. முதலில் தலைமை ஆசிரியரிடம் பேசுங்கள், தேவையானால் குழந்தைகள் உதவி எண் 1098. பாலியல் தொந்தரவு பற்றி ஒரு பிள்ளை சொன்னால், பேசித் தீர்க்கலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, விஷயம் தெரிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆகவேண்டும்.

ஏற்காட்டுக்குப் போகும் எண்ணமும் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிப் போனால், காப்பிப் பழம் எடுக்கும் மாதங்களில், நவம்பரிலிருந்து தை மாதம் வரை என்று வைத்துக்கொள்ளுங்கள், பகலில் வீடுகள் பூட்டித்தான் கிடக்கும். தாய் தந்தை தோட்டத்தில், மூத்த பிள்ளை தம்பி தங்கையோடு. நாகலூர், மஞ்சக்குட்டைப் பக்கத்து மலையாளிப் பழங்குடிக் குடும்பங்களில் நான் கண்டவரை, படிப்பு நிற்பதற்குப் பாடத்தைவிடச் சாதிச் சான்றிதழ் பெரிய காரணம். பழங்குடிச் சான்று வட்டாட்சியரிடம் முடிவதில்லை. கோட்டாட்சியர் அளவில் போக வேண்டும். விண்ணப்பத்தை இ-சேவை மையத்தில் போட்டாலும், விசாரணைக்கு என்று மலை இறங்கும் ஒவ்வொரு நாளும் ஒரு நாள் கூலி போகிறது. தாத்தாவின் பத்திரத்தையும் அத்தையின் பழைய சான்றையும் தேடி எடுத்து, நகல் போட்டு, கூடவே சென்று வரிசையில் நிற்கும் ஒருவர் அங்கே பத்து டியூஷன் வாத்தியாருக்குச் சமம்.

உங்கள் இரண்டு ஞாயிறுக்கு ஒரு வீடு போதும், மிஞ்சினால் இரண்டு. பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் தாய்மார்களில் ஒருவர் அதே தெருக்காரராக இருப்பார். முதல் முறை அவரோடு போங்கள். பெண்பிள்ளை இருக்கும் வீட்டுக்குத் தனியாகப் போக வேண்டாம், படம் எடுக்க வேண்டாம், பக்கத்து வீட்டில் கேட்டதை அடுத்த வீட்டில் பேச வேண்டாம். வர முடியாத ஞாயிறை வியாழக்கிழமையே போன் செய்து சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் அன்றைக்கும் பால் வாங்கிவைத்துவிடுவார்கள்.