இன்னும் ஒன்றுக்கு இடம் இருக்கிறதா?

அன்புள்ள அக்கா,

கடைகளில் வாங்கிக் கொஞ்ச நாள் வளர்த்துவிட்டு வேண்டாம் என்று தள்ளிவிடப்படும் அயல்நாட்டு விலங்குகளைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததிலிருந்து மனசே சரியில்லை. எங்கள் வீட்டின் பின்பக்கம் இரண்டு அறைகள் சும்மா கிடக்கின்றன. தெரிந்தவர் ஒருவர் மூன்று ஆமைகளையும் ஒரு மக்காவ் கிளியையும் இப்போதே எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். வீட்டிலேயே ஒரு சின்னக் காப்பகம் தொடங்கலாம் என்று இருக்கிறேன். எத்தனை கூண்டுகள் வாங்கவேண்டும்?

ம.

அன்புள்ள ம.,

உங்கள் கடிதத்தில் ‘இப்போதே’ என்ற சொல்தான் என்னை நிறுத்தியது. கொடுக்க வருகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். வீடு மாறுகிறோம், குழந்தைக்கு ஒத்துக்கொள்ளவில்லை, நாளைக்குள் எடுக்காவிட்டால் குளத்தில் விட்டுவிடுவேன். அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டால் யாருக்கும் பதறும், எனக்கு இன்றைக்கும் பதறுகிறது. சிவப்புக் காது ஆமைகளை இப்படிக் குளத்திலும் ஆற்றிலும் விட்டு விட்டுத்தான் உலகின் மிக மோசமான 100 ஊடுருவும் உயிரினங்களின் பட்டியலில் அது இடம்பிடித்தது. ஆனாலும் அந்தப் பதற்றத்தில் கை நீட்டிவிடாதீர்கள். நான் நீட்டியிருக்கிறேன்.

நான் காப்பகம் தொடங்கி இரண்டாவது வருடம், ஒருவர் அழுதுகொண்டே ஒரு கிளியைக் கொண்டுவந்தார். புதிதாக வருபவற்றை வைக்கும் தனியறை நிறைந்திருந்தது. ஒரு வாரம்தானே என்று மற்றக் கிளிகள் இருந்த அறையிலேயே மூலையில் கூண்டை வைத்தேன். அலகு, இறகு நோய் என்று ஒன்று கிளிகளுக்கு உண்டு, வைரஸ். உதிரும் இறகுத் தூசியிலேயே பரவும், வந்த பறவை பார்வைக்கு நன்றாகவே இருக்கும். அந்த அறையில் இருந்த ஐந்தில் இரண்டை நான் இழந்தேன். அப்புறம்தான் ஒரு விதி வைத்துக்கொண்டேன்: தனியறை காலியாக இல்லையென்றால் வாசல் மூடியிருக்கிறது என்று அர்த்தம். குறைந்தது 30 நாள், ஊர்வன என்றால் 90 நாள் வரைக்கும், புதிதாக வந்தது தனியாக இருக்கவேண்டும், அதற்கென்று தனிப் பாத்திரம், தனித் துடைப்பம், தினமும் கடைசியாகத்தான் அந்த அறைக்குள் போகவேண்டும். உங்களிடம் இருப்பது இரண்டு அறை. அதில் ஒன்று இதற்குப் போய்விட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கூண்டைக் கேட்டீர்கள், நான் உங்கள் நாளின் மணிநேரத்தைக் கேட்கிறேன். மக்காவ் மிகவும் புத்திசாலிப் பறவை, பேசவும் விளையாடவும் ஆள் இல்லாமல் விட்டால் தன் நெஞ்சு இறகைத் தானே பிடுங்கிக்கொள்ளும், தோல் தெரியும்வரை. 50 வருடத்துக்கு மேல் வாழக்கூடியது. அந்த ஆமைகள் என்ன வகை என்று நீங்கள் எழுதவில்லை. சல்காட்டா என்றால் உள்ளங்கையில் அடங்குவதுதான் வளர்ந்து 40 கிலோவைத் தாண்டும், மண்ணைக் குடைந்து ஆழமாக வளை தோண்டும், அறைக்குள் வைக்கவே முடியாது, உங்களுக்குப் பிறகும் அது இருக்கும். அதனால் உங்களுக்கு அடுத்து யார் என்பதை முதல் விலங்கு வருவதற்கு முன்பே பேசி, எழுதி வைத்துவிடுங்கள்.

அனுமதி விஷயத்தில் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் இதுதான் முதலில். சர்வதேச வணிகம் கட்டுப்படுத்தப்பட்ட இனங்கள் இவற்றில் நிறைய உண்டு. காகிதம் இல்லாத விலங்கை வாங்கி வைத்தால், கடத்தியவன் எங்கேயோ இருப்பான், பதில் சொல்லப்போவது நீங்கள். வனத்துறையிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். அதே போல ஊர்வனவும் பறவையும் பார்க்கத் தெரிந்த மருத்துவரை முன்கூட்டியே கண்டுபிடியுங்கள், நாய் பூனை பார்க்கிற எல்லோருக்கும் இது கைவராது. இனப்பெருக்கம் வேண்டவே வேண்டாம், வேண்டாதவை ஏற்கெனவே போதும்.

இன்னொன்று. மறுப்பது என்றால் கைவிடுவது என்று நினைக்காதீர்கள். என்னிடம் ஒருவர் ஒரு இகுவானாவை, பெரிய பல்லி இனம் அது, தூக்கிவந்தார், சோம்பேறியாகிவிட்டது, வேண்டாம் என்று. கீழ்த்தாடையை மெதுவாகத் தொட்டால் ரப்பர் போல அமுங்கியது, கால்விரல்கள் நடுங்கிக்கொண்டே இருந்தன. சுண்ணாம்புச் சத்து எலும்பில் சேரவில்லை, அது சேரப் புற ஊதா ஒளி வேண்டும். விளக்கு எரிகிறதே என்றார் அவர். எரியும்தான், ஆனால் அந்தப் புற ஊதாக் குழல்விளக்குகளில் வெளிச்சம் இருக்கும்போதே புற ஊதா குறைந்துவிடும், பெரும்பாலும் 6 முதல் 12 மாதத்தில் மாற்றவேண்டும். அவர் மூன்று வருடமாக மாற்றவில்லை. மருத்துவரிடம் அனுப்பினேன், புது விளக்கில் வாங்கிய தேதியை எழுதி ஒட்டிக் கொடுத்தேன், வாரம் ஒருமுறை எடை பார்த்து எனக்குச் சொல்லச் சொன்னேன். அந்த இகுவானா இன்றும் அவர் வீட்டில்தான் இருக்கிறது. என் வீட்டுக்கு வராமலேயே பிழைத்தவை, வந்து பிழைத்தவற்றைவிட அதிகம்.

அதனால் இந்த வாரம் எதையும் வாங்காதீர்கள். அந்தத் தெரிந்தவர் வீட்டுக்குப் போய் ஒரு முழுநாள் இருங்கள். ஆமைகளின் ஓடு மேடும் பள்ளமுமாக இருக்கிறதா, மெத்தென்று இருக்கிறதா, விளக்கு எப்போது வாங்கியது, மக்காவின் நெஞ்சில் இறகு இருக்கிறதா, அது யாரைப் பார்த்தால் கத்துகிறது, யாரிடம் தலையைக் குனிந்து கொடுக்கிறது. எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு எனக்கு எழுதுங்கள், அவரிடமே இருக்க வழி உண்டா என்று முதலில் பார்ப்போம்.