ஒவ்வொரு கூட்டத்திலும் கை உயர்த்த வேண்டுமா?

கேள்வி: 20 வருடங்களுக்கு முன் ஒரு கன்வென்ஷனில் கை உயர்த்தி இயேசுவை ஏற்றுக்கொண்டேன். ஞானஸ்நானமும் எடுத்தேன். ஆனாலும் கோபம் வந்தால் மருமகளைக் கண்டபடி பேசிவிடுகிறேன். சுகர் இருப்பதால் உபவாசமும் இருக்க முடிவதில்லை. “கிரியைகளில்லாத விசுவாசம் செத்தது” என்று பிரசங்கத்தில் கேட்டாலே பயம் பிடித்துக்கொள்கிறது. அழைப்பு கொடுக்கும் கூட்டங்களில் எல்லாம் மறுபடியும் கை உயர்த்துகிறேன். நான் உண்மையிலேயே இரட்சிக்கப்பட்டவளா?

பதில்: சகோதரி, அன்று நீங்கள் கை உயர்த்தியது உங்களை இரட்சிக்கவில்லை. அதனால் அதைத் திரும்பத் திரும்பச் செய்தாலும் எதுவும் கூடப்போவதில்லை. இரட்சிப்பவர் கிறிஸ்து. கை உயர்த்தியது, அவரை நம்புகிறேன் என்று நீங்கள் வெளியே காட்டிய ஓர் அடையாளம், அவ்வளவுதான்.

“கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள், இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு” என்று எபேசியர் 2:8 சொல்கிறது. அடுத்த வசனமே, ஒருவரும் பெருமைபாராட்டாதபடிக்கு இது கிரியைகளினால் உண்டானதல்ல என்கிறது. இதை மனப்பாடமாகச் சொல்கிற விசுவாசிகள்கூட ஓர் இடத்தில் இடறிவிடுகிறார்கள். நற்செயலால் இரட்சிப்பு இல்லை என்று ஒப்புக்கொண்டு, விசுவாசத்தையே ஒரு நற்செயலாக மாற்றிவிடுகிறார்கள். சரியாக விசுவாசித்தேனா, அந்த ஜெபத்தை மனதாரச் சொன்னேனா, போதுமான அளவு அழுதேனா என்று தங்களையே அளந்துகொண்டிருக்கிறார்கள். உங்கள் கடிதத்தில் நான் பார்ப்பதும் இதைத்தான். மதுரை பஸ்ஸில் தைரியமாக ஏறியவரும் பயந்துகொண்டே ஏறியவரும் ஒரே நேரத்தில்தான் மதுரைக்குப் போய்ச் சேருவார்கள். மாற்கு 9-இல் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்த தகப்பன், “விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்” என்று கண்ணீரோடு கதறினான். முழு விசுவாசத்தோடு வா என்று இயேசு அவனைத் திருப்பி அனுப்பவில்லை. அப்போதே பிள்ளையைக் குணமாக்கினார்.

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் வாழ்க்கை உங்களுக்கு உதவும் என்று நினைக்கிறேன். அவர் ஆக்ஸ்போர்டில் படித்தவர், 1728-இல் குருப்பட்டம் பெற்றவர். வாரத்தில் இரண்டு நாள் உபவாசம் இருப்பார், சிறைக்கைதிகளைப் போய்ப் பார்ப்பார். அமெரிக்காவில் ஜார்ஜியா வரை ஊழியத்துக்குப் போனார். இத்தனைக்கும் பிறகு மரணத்தை நினைத்துப் பயந்தார். 1738 மே 24 அன்று மாலை, லண்டனில் ஆல்டர்ஸ்கேட் தெருவில் நடந்த ஒரு கூட்டத்துக்கு மனமில்லாமல்தான் போனார். ரோமர் நிருபத்துக்கு மார்ட்டின் லூதர் எழுதிய முன்னுரையை அங்கே ஒருவர் வாசித்துக்கொண்டிருந்தார். மணி ஒன்பதாகக் கால் மணி நேரம் இருந்தபோது, கிறிஸ்துவை மட்டுமே தன் இரட்சிப்புக்காக நம்புகிறேன் என்ற நிச்சயம் வெஸ்லிக்கு வந்தது. இதுவரை எல்லாப் பிரசங்கத்திலும் வரும். அதே நாட்குறிப்பில் அவர் அடுத்து எழுதியதைத்தான் நாம் சொல்வதில்லை. ‘இது விசுவாசமாக இருக்க முடியாது, உன் சந்தோஷம் எங்கே?’ என்ற சந்தேகம் சற்று நேரத்திலேயே வந்துவிட்டது. வீட்டுக்குப் போன பிறகும் சோதனைகள் விடவில்லை. சந்தேகம் வந்ததால் விசுவாசம் போய்விட்டது என்று கணக்கிட்டால், வெஸ்லியே அன்று ராத்திரி மறுபடியும் கை உயர்த்தியிருக்க வேண்டும்!

சரி, “கிரியைகளில்லாத விசுவாசம் செத்தது” என்று யாக்கோபு சொல்வதை என்ன செய்வது? பவுலும் யாக்கோபும் ஒரே வசனத்தைத்தான் எடுத்துப் பேசுகிறார்கள்: ஆபிரகாம் கர்த்தரை விசுவாசித்தான், அது அவனுக்கு நீதியாக எண்ணப்பட்டது. இது ஆதியாகமம் 15-இல் நடக்கிறது. உடன்படிக்கைக்கு அடையாளமான விருத்தசேதனச் சடங்கு வருவது 17-ஆம் அதிகாரத்தில். இடையில் 86 வயதில் இஸ்மவேல் பிறக்கிறான். விருத்தசேதனம் செய்துகொள்ளும்போது ஆபிரகாமுக்கு வயது 99. ஆக, அந்தச் சடங்குக்குக் குறைந்தது 13 வருடங்களுக்கு முன்பே அவர் நீதிமானாக எண்ணப்பட்டுவிட்டார். ரோமர் 4-இல் பவுல் இதைத்தான் பிடித்துக்கொள்கிறார். யாக்கோபு காட்டுவதோ, ஈசாக்கைப் பலிபீடத்தில் கிடத்திய 22-ஆம் அதிகாரத்தை. முன்பே எண்ணப்பட்ட நீதி உண்மையானது என்று அங்கே வெளிப்பட்டது. பிசாசுகளும் விசுவாசித்து நடுங்குகின்றன என்று யாக்கோபு எச்சரிப்பது, வாயால் ‘விசுவாசி’ என்று சொல்லிக்கொண்டு பசித்தவனை வெறுங்கையோடு அனுப்பிவிடுகிறவர்களை. தன் கோபத்தை நினைத்து நொந்துபோய்க் கடிதம் எழுதுகிறவரை அல்ல.

இதனால் மருமகளைத் திட்டுவது சின்ன விஷயம் என்று ஆகிவிடாது. அது பாவம்தான். எபேசியர் 2:10-ஐயும் சேர்த்து வாசியுங்கள், நற்கிரியைகளைச் செய்வதற்காகவே நாம் சிருஷ்டிக்கப்பட்டிருக்கிறோம். நீதிமானாக்கப்படுவது ஒரே தரம் நடப்பது. பரிசுத்தத்தில் வளர்வதோ ஆயுசு முழுவதும் நடப்பது, பலருக்கு மெதுவாகவே நடக்கும். விழுந்தால் மறுபடியும் முதலிலிருந்து இரட்சிக்கப்பட வேண்டியதில்லை, 1 யோவான் 1:9 சொல்கிறபடி அறிக்கையிடுங்கள். அப்புறம் அடுப்படிக்குப் போய், “நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது, மன்னிச்சிரும்மா” என்று மருமகளிடமே சொல்லுங்கள். ‘நீயும் அப்படிப் பண்ணியிருக்கக் கூடாது’ என்று கூடவே ஒன்றைச் சேர்க்காதீர்கள்.

இரட்சிப்பை இழந்துபோக முடியுமா என்பதில் சுவிசேஷ சபைகளுக்குள் ஒரே கருத்து இல்லை. சபைச் சீர்திருத்தவாதி ஜான் கால்வின் வழி வந்தவர்கள் முடியாது என்பார்கள். வெஸ்லி வழி வந்தவர்களும் பெந்தெகொஸ்தே சபையார் பலரும், விசுவாசத்தை விட்டே விலகிப்போகிறவர் இழக்கலாம் என்பார்கள். ஆனால் ஒரு கோபப் பேச்சில் இரட்சிப்பு போய்விடும் என்று இந்த இரண்டு தரப்புமே போதிப்பதில்லை. “ஒருவனும் அவைகளை என் கையிலிருந்து பறித்துக்கொள்வதில்லை” என்று தம் ஆடுகளைப் பற்றி இயேசு சொன்ன யோவான் 10:28-ஐப் பயம் வரும்போதெல்லாம் சத்தமாக வாசியுங்கள்.

இனி அழைப்பு கொடுக்கும்போது கை உயர்த்தாமலே இருங்கள். உட்கார்ந்த இடத்திலேயே, “ஆண்டவரே, நீர் சிலுவையில் செய்தது எனக்குப் போதும்” என்று ஸ்தோத்திரம் சொல்லுங்கள். பக்கத்தில் இருப்பவர் என்ன நினைப்பாரோ என்று கூச்சப்பட வேண்டாம். பயம் தீராமல் இருந்தால் உங்கள் போதகரிடம் தனியாகப் பேசுங்கள்.

உபவாசம் ஒருவரையும் இரட்சித்ததில்லை, அது ஜெபத்துக்கு ஓர் உதவி. சுகர் மாத்திரை போடுகிறவர் டாக்டரைக் கேட்காமல் சாப்பாட்டை நிறுத்தினால் மயங்கி விழ நேரிடும். உபவாசக் கூட்டத்துக்குத் தாராளமாகப் போங்கள். மதியம் டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட்டுவிட்டு, மாத்திரையும் போட்டுக்கொண்டு, மற்றவர்களோடு சேர்ந்து ஜெபியுங்கள்.