அப்பா பெயரில் விக்கிப்பீடியா பக்கம்: 40,000 ரூபாயை எடுத்துக் கொடுப்பதற்கு முன்

கேள்வி: என் அப்பா 1970களில் தமிழ்நாடு பூப்பந்து (பால் பேட்மிண்டன்) அணிக்காக மூன்று முறை தேசியப் போட்டியில் ஆடியவர். இப்போது வயது 76. அவர் பெயரில் விக்கிப்பீடியாவில் ஒரு பக்கம் வந்தால் சந்தோஷப்படுவார். ஆன்லைனில் பழக்கமான ஒருவர் 40,000 ரூபாய்க்கு ‘கேரண்டி’யோடு செய்து தருவதாகச் சொல்கிறார். பாதிப் பணம் அட்வான்ஸ். ரஞ்சியில் ஒரே ஒரு மேட்ச் ஆடியவருக்கெல்லாம் பக்கம் இருக்கிறது, அப்பாவுக்குத் தகுதி இல்லையா? அவருடைய சான்றிதழ்களையும் ஒரு பேப்பர் நறுக்கையும் படம் எடுத்து இணைத்திருக்கிறேன்.
- கும்பகோணம் வாசகர்

பதில்: முதலில் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். மீதியை அப்புறம் பேசுவோம்.

‘தகுதி’ என்று கேட்டிருக்கிறீர்கள். குழப்பம் அந்தச் சொல்லில்தான் இருக்கிறது. விக்கிப்பீடியாவில் அதற்குக் ‘குறிப்பிடத்தக்கமை’ என்று பெயர். வாயில் நுழையாத சொல்தான், ஆனால் விஷயம் எளிது. உங்கள் அப்பா எவ்வளவு நன்றாக ஆடினார் என்று அங்கே யாரும் கேட்கப் போவதில்லை. அவருக்குச் சம்பந்தமில்லாத ஒருவர், நம்பகமான ஒரு பத்திரிகையிலோ புத்தகத்திலோ, அவரைப் பற்றி நாலு பத்தியாவது எழுதியிருக்கிறாரா என்றுதான் கேட்பார்கள். அப்படி இரண்டு மூன்று கிடைத்தால் கட்டுரை நிற்கும். கிடைக்காவிட்டால், ஆட்டத்தில் அவர் சூரனாகவே இருந்திருந்தாலும் நிற்காது.

இந்தக் கணக்கில் நீங்கள் அனுப்பியவற்றைப் பார்ப்போம். சான்றிதழ்களைப் பூப்பந்துச் சங்கமே கொடுத்தது. அவர் ஆடினார் என்பதற்கு அது அத்தாட்சி, அவ்வளவுதான். நறுக்கைப் பெரிதாக்கிப் படித்தேன். ‘தமிழ்நாடு அணி 29-21, 29-24 என்ற புள்ளிக் கணக்கில் வென்றது’ என்று ஒரு வரி, அதற்குக் கீழே ஐந்து பெயர்கள். நான்காவது பெயர் அப்பாவுடையது. பேப்பரில் பெயர் வருவது வேறு, அவரைப் பற்றி வருவது வேறு. இது முதல் வகை. இப்படி ஐம்பது நறுக்குகள் சேர்ந்தாலும் ஒரு கட்டுரைக்குப் பற்றாது.

ரஞ்சிக்காரர்கள் விஷயத்தில் உங்களுக்கு வரும் கோபம் எனக்கும் உண்டு. பத்து வருடத்துக்கும் மேலாக விக்கியில் எழுதுகிறேன், இன்னும் ஆறவில்லை. ஆங்கில விக்கியில் நெடுங்காலம் ஒரு வழக்கம் இருந்தது. முதல்தர கிரிக்கெட்டில் ஒரு ஆட்டம் ஆடியிருந்தால் போதும், கட்டுரை எழுதலாம். ஒலிம்பிக்கில் கலந்துகொண்டாலே போதும். கிரிக்கெட்காரர்கள் ஸ்கோர் புத்தகத்தைப் பத்திரமாக வைத்திருந்தார்கள். 1934 நவம்பர் 4 அன்று சேப்பாக்கத்தில் நடந்த முதல் ரஞ்சி ஆட்டத்தில் மெட்ராஸ் மைசூரை ஒரே நாளில் சுருட்டியது. ஏ. ஜி. ராம் சிங் 11 விக்கெட் எடுத்தார். அந்த ஸ்கோர் அட்டை இன்றைக்கும் உங்கள் போனில் கிடைக்கும். அந்த மாதிரி அட்டைகளை வைத்துக்கொண்டு, ‘இவர் ஒரு கிரிக்கெட் வீரர், ஒரு ஆட்டம் ஆடினார்’ என்று இரண்டு வரிக் குறுங்கட்டுரைகளை ஆயிரக்கணக்கில் எழுதித் தள்ளினார்கள். டக் அடித்துவிட்டு வீட்டுக்குப் போனவருக்கும் பிறந்த தேதியோடு ஒரு பக்கம் உண்டு. மஞ்சள் கம்பளிப் பந்தை வைத்து ஐந்து பேராகத் தெருவுக்குத் தெரு ஆடிய பூப்பந்துக்கு யார் ஸ்கோர் புத்தகம் எழுதி வைத்தார்கள்?

கடைசியில் ஆங்கில விக்கிக்காரர்களுக்கே அலுத்துவிட்டது. ஒலிம்பிக் விதியை 2021இல் பதக்கம் வென்றவர்களோடு நிறுத்தினார்கள். 2022இல் ‘ஒரு ஆட்டம் போதும்’ என்கிற விதிகளையே தூக்கிவிட்டார்கள். புள்ளிவிவரத் தளம் மட்டும் இருந்தால் செல்லாது, விரிவாக எழுதிய ஒரு ஆதாரமாவது வேண்டும். 2023இல் ஒலிம்பிக் வீரர்களைப் பற்றிய 900க்கும் மேற்பட்ட குறுங்கட்டுரைகளை ஒரே முடிவில் வரைவுப் பகுதிக்குத் தள்ளினார்கள். நீங்கள் பார்க்கும் ரஞ்சிக்காரர்கள் அந்தக் கத்திக்குத் தப்பியவர்கள். அவர்களை உதாரணம் காட்டி வாதாடாதீர்கள். ‘அது இருக்கிறதே, இது ஏன் கூடாது?’ என்று கேட்பவர்களுக்கு அங்கே ஒரே வரியில் பதில் தயாராக இருக்கிறது: அதையும் நீக்கலாம்.

இப்போது உங்கள் ‘கேரண்டி’ ஆள். கேரண்டி கொடுக்கும் அதிகாரம் அங்கே யாருக்கும் இல்லை. நிர்வாகிக்கும் இல்லை. நீக்கல் வேண்டுகோளை எவரும் வைக்கலாம், ஒரு வாரம் பேசுவார்கள், ஆதாரம் இல்லாவிட்டால் பக்கம் போய்விடும். அதற்குள் உங்கள் ஆள் மீதிப் பணத்தை வாங்கியிருப்பார். பக்கம் வந்துவிட்டது என்று லிங்க் அனுப்புவார், நீங்களும் உறவினர்களுக்கெல்லாம் அனுப்புவீர்கள். ஆனால் கூகுளில் தேடினால் வராது. ஆங்கில விக்கியில் புதுப் பக்கத்தை ஒருவர் சரிபார்க்கும் வரை, அல்லது 90 நாள் ஆகும் வரை, தேடுபொறிகளுக்குக் காட்ட மாட்டார்கள். அந்த இடைவெளியில்தான் இவர்கள் பிழைப்பு ஓடுகிறது.

2015இல் ஆங்கில விக்கி ஒரே சமயத்தில் 381 கணக்குகளை முடக்கியது. அந்தக் கும்பல் எப்படி வேலை பார்த்தது தெரியுமா? நிராகரிக்கப்பட்ட வரைவுகளை நோட்டம் விட்டு, அதில் யாரைப் பற்றி எழுதியிருக்கிறதோ அவரையே தொடர்புகொண்டு, பணம் கொடுத்தால் ஏற்றிவிடுகிறோம் என்றார்கள். ஏற்றிய பிறகு, பக்கத்தைக் காவல் காக்க மாதாமாதம் கட்டணம் கேட்டார்கள். கட்டாவிட்டால் பக்கம் போய்விடும் என்ற பயம்தான் அவர்களுக்கு மூலதனம். உங்கள் ஆள் ‘பராமரிப்பு’ என்ற வார்த்தையை இன்னும் சொல்லவில்லை என்றால், சீக்கிரம் சொல்வார். அதற்கு முன்னால் ‘பத்து நியூஸ் தளங்களில் செய்தி போட்டுத் தருகிறேன்’ என்று ஒரு பேக்கேஜும் வரும். காசு கொடுத்துப் போட்ட செய்தியை விக்கிக்காரர்கள் மோப்பம் பிடித்துவிடுவார்கள். பத்தும் குப்பைக்குப் போகும், அப்பா பெயரும் விளம்பரக்காரர் பட்டியலில் சேரும்.

ஒரு சோதனை சொல்கிறேன். பணம் வாங்கி எழுதுபவர் அதை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்பது 2014இலிருந்து விதி. உங்கள் ஆளிடம் அவருடைய விக்கி பயனர் பெயரைக் கேளுங்கள், வேறு எதுவும் கேட்க வேண்டாம். ‘அதெல்லாம் ரகசியம் சார்’ என்றால் புரிந்துகொள்ளுங்கள். இன்னொன்றையும் கேட்கலாம்: பூப்பந்துக்கும் இறகுப்பந்துக்கும் (ஷட்டில்) என்ன வித்தியாசம்? முன்பு ஒரு கூலி எழுத்தாளர் ஒரு பூப்பந்துக்காரரை இறகுப்பந்து வீரராக்கி, அவர் கையில் ஷட்டில்காக்கையும் கொடுத்துவிட்டார். அதைத் திருத்தியது நான்தான்.

சரி, வழியே இல்லையா? ஒன்று இருக்கிறது. இதைப் பலர் தவறாகப் புரிந்துகொள்வதால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். ஆதாரம் இணையத்தில் இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. கூகுளில் தேடி ஒன்றும் கிடைக்கவில்லை என்பதற்காக ஒருவரைப் பற்றி ஒன்றும் எழுதப்படவில்லை என்று ஆகாது. 1974ஆம் வருடத்துப் பேப்பரின் மூன்றாம் பக்கம் செல்லும். வார இதழின் பேட்டி செல்லும், அதில் எழுதியவர் தன் கண்ணால் பார்த்து எழுதியதும் இருக்க வேண்டும், அப்பா சொன்னது மட்டும் போதாது. இதழின் பெயர், தேதி, பக்க எண், எழுதியவர் பெயர் இருந்தால் அதை மேற்கோளாகக் கொடுக்கலாம். லிங்க் தேவையில்லை. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். பழைய கைப்பந்து வீரர் ஒருவரின் கட்டுரைக்கு நானே நீக்கல் வார்ப்புரு (நீக்கலாம் என்ற அறிவிப்பு) போட்டேன். இணையத்தில் ஒரு வரிகூட இல்லை, பக்கமும் போய்விட்டது. ஒரு மாதம் கழித்து ஒருவர் நூலகத்து பைண்டு வால்யூமிலிருந்து இரண்டு முழுப்பக்கக் கட்டுரைகளைப் படம் எடுத்து என் பேச்சுப் பக்கத்தில் போட்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பக்கத்தைத் திரும்பக் கொண்டுவர நானே அலைந்தேன். அதை எடுக்க ஏழு நாள் போதுமாயிருந்தது, திரும்ப வைக்க நாலு மாதம் ஆனது.

ஆகவே, அந்த 40,000த்தில் சென்னைக்கு ரயில் டிக்கெட்டும் நாலு நாள் சாப்பாடும் போக மீதியைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். எழும்பூர் கன்னிமாரா நூலகத்தில் பழைய நாளிதழ்த் தொகுப்புகளைக் கேட்டுப் பாருங்கள். தரமணியில் ரோஜா முத்தையா நூலகம் இருக்கிறது. போவதற்கு முன் அப்பாவிடம் உட்கார்ந்து எந்த ஊர், எந்த மாதம், இறுதி ஆட்டத்தில் எதிரணி எது என்று எழுதி வாங்குங்கள். மாதம் தெரியாமல் போனால் பைண்டு வால்யூம் உங்களை விழுங்கிவிடும். சென்னைப் பதிப்பில் ஒரு வரியாக வந்தது திருச்சிப் பதிப்பில் படத்தோடு வந்திருக்கலாம். அவர் வேலை பார்த்த இடத்தில் ஊழியர்களுக்காகச் சொந்த இதழ் நடத்தியிருந்தால் அது சுயாதீன ஆதாரம் ஆகாது, ஆனாலும் தேதி தெரிந்துகொள்ள உதவும். பூப்பந்துக்கும் ஒரு காலத்தில் அர்ஜுனா விருது கொடுத்தார்கள், 1970இல் ஜே. பிச்சையா வாங்கினார். அப்படிப்பட்டவர்களைப் பற்றி எழுதிய இதழ்களில், அணியிலிருந்த மற்றவர்களைப் பற்றியும் ஒரு பத்தி இருக்கக்கூடும்.

கிடைத்ததென்றால், நீங்களே தமிழ் விக்கியில் மணல்தொட்டியில் (எழுதிப் பழகும் பக்கம்) எழுதுங்கள். மகன் என்பதைப் பயனர் பக்கத்தில் சொல்லிவிடுங்கள். ஒளித்தால்தான் வம்பு. ஆலமரத்தடியில் (அங்கே எல்லோரும் பேசும் பொதுப் பக்கம்) ஒரு வரி போட்டால் யாராவது வந்து பார்ப்பார்கள். தமிழ் விக்கி வேறு சமூகம், வேறு பேச்சு. ஆங்கிலத்தில் நிற்காதது இங்கே நிற்கும் என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் பூப்பந்து என்றால் என்னவென்று விளக்க வேண்டியிருக்காது.

கிடைக்கவில்லையென்றால், தனிப் பக்கத்துக்காக மல்லுக்கட்ட வேண்டாம். அப்பாவிடம் இருக்கும் பழைய படங்களில் அவரோ நீங்களோ எடுத்ததை விக்கிப் பொதுவகத்தில் (விக்கியின் படக் கிடங்கு) ஏற்றுங்கள். ஸ்டூடியோக்காரர் எடுத்த படத்துக்கு உரிமை வேறு யாருடையதாகவாவது இருக்கலாம். இந்தியச் சட்டப்படி, படம் எடுத்தவர் இறந்து 60 வருடம் ஆகும் வரை அது பொதுவுக்கு வராது, எனவே 1970களின் படத்தை விசாரிக்காமல் ஏற்றாதீர்கள்.

அப்புறம் அந்த நறுக்கு. முன்பக்கத்தை மட்டும் படம் எடுத்திருக்கிறீர்கள். அதில் பேப்பர் பெயரும் இல்லை, தேதியும் இல்லை. ஓரத்தில் மை ஊறித் தெரிவதைப் பார்த்தால் பின்பக்கத்தில் சினிமா விளம்பரம் மாதிரி இருக்கிறது. எந்தப் படம், எந்தத் தியேட்டர், எத்தனையாவது வாரம் என்று ஒரு ஓரமாவது தெரிந்தால் மாதத்தைப் பிடித்துவிடலாம். ஆல்பத்தில் ஒட்டியிருந்தால் பிய்க்க வேண்டாம், வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் படம் எடுத்து அனுப்புங்கள்.