நண்பரின் ராஞ்சில் மான் வேட்டை: எச்-1பியில் இருப்பவர் துப்பாக்கியைத் தொடலாமா?

கேள்வி: டென்வர் பக்கம் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். கொலராடோ வந்து இரண்டு வருடம் ஆகிறது. எச்-1பி விசா, கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறேன். கூட வேலை செய்யும் மூன்று அமெரிக்க நண்பர்கள் அக்டோபர் கடைசியில் மீக்கர் பக்கம் மியூல் டீர் வேட்டைக்குக் கூப்பிடுகிறார்கள். அங்கே ஒருவருடைய மாமனாருக்கு ராஞ்ச் இருக்கிறது. "நம்ம இடம்தானே, லைசென்ஸ் எதற்கு? என் ரைபிளையே எடுத்துக்கொள்" என்கிறார் அவர். வாட்ஸ்அப் குழுவில் இன்னொருவர் 3,500 டாலருக்கு 'ராஞ்ச் வவுச்சர்' வாங்கித் தருகிறாராம், லைசென்ஸ் குலுக்கலே தேவையில்லையாம். இதனால் விசாவுக்கு வம்பு வருமோ என்று என் மனைவி பயப்படுகிறாள். போகலாமா?

பதில்: உங்கள் மனைவி கேட்டதுதான் சரியான கேள்வி. அதற்கே முதலில் பதில் சொல்கிறேன். மாமனாரும் வவுச்சரும் அப்புறம்.

அமெரிக்காவில் விளையாட்டுச் சாமான் கடையிலேயே ரைபிள் தொங்குவதைப் பார்த்துவிட்டு, துப்பாக்கி எல்லாருக்கும் பொது என்று நம் ஆட்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1, பி-2 போன்ற விசாக்களில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது மத்தியச் சட்டப்படி குற்றம். 2022இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு அதிகபட்சத் தண்டனை 15 வருடம். கொலராடோ என்ன சொல்கிறது, டெக்சாஸ் என்ன சொல்கிறது என்பதெல்லாம் இதற்குக் கீழேதான். கிரீன் கார்டு கைக்கு வந்தவருக்கு இந்தத் தடை இல்லை. வரிசையில் நிற்பவருக்கு உண்டு.

'வைத்திருப்பது' என்றால் சொந்தமாக வாங்குவது மட்டும் என்று நினைக்காதீர்கள். நண்பரின் ரைபிளை வாங்கித் தோளில் வைத்துக் குறி பார்த்தால் அதுவும் வைத்திருப்பதுதான். துப்பாக்கியை உங்கள் கார் டிக்கியில் போட்டுவிட்டு அவர் தன் டிரக்கில் முன்னால் போய்விட்டார் என்றால் அதுவும்தான். உங்கள் நிலை தெரிந்தே கொடுத்தால், கொடுத்த நண்பரும் மாட்டுவார்.

2019இல் உச்ச நீதிமன்றம் வரை போன ரெஹைஃப் வழக்கைச் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். மாணவர் விசாவில் வந்தவர், கல்லூரியிலிருந்து நீக்கப்பட்ட பிறகும் தங்கியிருந்தார். ஒரு ஷூட்டிங் ரேஞ்சுக்குப் போய்ச் சுட்டார். சட்டவிரோதமாகத் தங்கியிருந்தவர் துப்பாக்கி வைத்திருந்தார் என்று வழக்கு. தன் குடியேற்ற நிலை அவருக்குத் தெரிந்திருந்தது என்பதை அரசு நிரூபிக்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு, "தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொன்னால் போதுமாமே சார்" என்று ஒருவர் என்னிடம் கேட்டார். போதாது. தன் நிலை தெரியாது என்பது வேறு, சட்டம் தெரியாது என்பது வேறு. நீங்கள் எச்-1பியில் இருப்பது உங்களுக்குத் தெரியாது என்று எந்த ஜூரி நம்பும்?

சரி, அப்படியென்றால் கதை முடிந்ததா? இல்லை. அதே சட்டத்தில் ஒரு விலக்கு இருக்கிறது. தடை இருப்பது 922ஆம் பிரிவின் ஜி உட்பிரிவில். விலக்கு இருப்பது ஒய் உட்பிரிவில். நடுவில் பதினேழு எழுத்து. தடைக்குக் கீழேயே ஒரு வரி எழுதியிருந்தால் எத்தனையோ பேருக்கு வக்கீல் செலவு மிச்சம். போனில் கேட்டால் ஓர் அதிகாரி "கூடாது" என்கிறார், அடுத்தவர் "தாராளமாக" என்கிறார். இரண்டு பேருமே சட்டத்தில் பாதியைத்தான் படித்திருக்கிறார்கள்.

விலக்கு இதுதான்: அமெரிக்காவில் முறைப்படி வழங்கப்பட்ட வேட்டை லைசென்ஸ் உங்களிடம் இருந்தால் அந்தத் தடை உங்களுக்குப் பொருந்தாது. இந்த ஒரு வரியில்தான் எல்லோரும் வழுக்கி விழுகிறார்கள். அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

லைசென்ஸ் உங்கள் பெயரில் இருக்க வேண்டும். நாலு பேர் கோஷ்டியில் மூன்று பேரிடம் இருக்கிறதே என்றால் அது அந்த மூன்று பேருக்கு. மீன்பிடி லைசென்ஸ் வேட்டை லைசென்ஸ் ஆகாது. மான் குலுக்கலுக்கு விண்ணப்பித்த ரசீது ஆகாது. குலுக்கலில் விழாமல் கிடைக்கும் பிரெஃபரன்ஸ் பாயின்ட் ஆகாது. ஹண்டர் எஜுகேஷன் அட்டையும் ஆகாது. அது வகுப்பில் தேறியதற்கான சான்று, அவ்வளவுதான். முயல், காடை சுட அனுமதிக்கும் சாதாரண ஸ்மால் கேம் லைசென்ஸ் ஆகும். மான் லைசென்ஸாகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை.

இதில் உங்களுக்கு ஒரு வசதி. கொலராடோவில் மான் குலுக்கலுக்கு விண்ணப்பிக்கும் முன் தகுதி லைசென்ஸ் என்று ஒன்றை வாங்கியாக வேண்டும். வருடாந்திர ஸ்மால் கேம் லைசென்ஸ் அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஹண்டர் எஜுகேஷன் முடித்து அதை வாங்கிவிட்டீர்கள் என்றால், குலுக்கலில் மான் லைசென்ஸ் விழுந்தாலும் விழாவிட்டாலும் மத்தியத் தடை உங்களை விட்டு விலகிவிடும். ரேஞ்சில் போய்ப் பழகலாம். 1949 ஜனவரி 1 அல்லது அதற்குப் பிறகு பிறந்த எவருக்கும் அந்த ஹண்டர் எஜுகேஷன் கட்டாயம். உங்களுக்கும்தான்.

வரிசையைக் கவனியுங்கள். முதலில் லைசென்ஸ், பிறகு துப்பாக்கி. "டிசம்பரில் ரேஞ்சுக்குப் போய்ப் பழகிவிட்டு மார்ச்சில் லைசென்ஸ் எடுத்தேன்" என்று ஒருவர் பெருமையாகச் சொன்னார். டிசம்பரில் அவர் செய்தது குற்றம். காலாவதித் தேதியையும் பாருங்கள். லைசென்ஸ் முடிந்த மறுநாள் அலமாரியில் ரைபிள் இருந்தால் விலக்கு போய்விடும், தடை திரும்ப வந்துவிடும். புதுப்பிக்க மறந்தவர்தான் அதிகம். அதனால் இந்த வருடம் சொந்தமாக வாங்கவே வேண்டாம். நண்பரின் துப்பாக்கி ராஞ்சில் உங்கள் கைக்கு வரட்டும், அங்கேயே அவரிடம் திரும்பப் போகட்டும். 72 மணி நேரத்துக்கு மேல் என்றால் நண்பருக்கு நண்பர் இரவல் கொடுத்தாலே பின்னணிச் சோதனை வேண்டும் என்பது கொலராடோ சட்டம். வேட்டை நடக்கும்போது கொடுத்து வாங்குவதற்கு விலக்கு உண்டு. அதற்கும் நிபந்தனை, வாங்குபவரிடம் லைசென்ஸ் இருக்க வேண்டும் என்பதுதான். எங்கே சுற்றினாலும் அந்த ஒரு காகிதத்தில் வந்து நிற்கிறது.

இனி மாமனார். நிலம் அவருடையது, சந்தேகமில்லை. அதில் மேயும் மான் அவருடையது அல்ல. கொலராடோவில் காட்டு விலங்குகள் மாநிலத்தின் சொத்து. அவர் தன் வேலிக்குள் உங்களை விடலாம், விடாமலும் இருக்கலாம். மானைச் சுட அனுமதி கொடுக்க அவரால் முடியாது. சொந்த நிலத்தில் சுடுவதென்றால் அவருக்கே லைசென்ஸ் வேண்டும்.

அந்த மான் லைசென்ஸுக்குத்தான் குலுக்கல். விண்ணப்பக் கெடு வழக்கமாக ஏப்ரல் முதல் செவ்வாய். எந்த யூனிட் (வேட்டைக்காக மாநிலம் பிரித்திருக்கும் பகுதி), எந்த சீசன், ஆணா பெண்ணா, தனியார் நிலம் மட்டுமா என்று ஒவ்வொன்றுக்கும் தனி ஹண்ட் கோட் உண்டு. ஓர் எழுத்து மாறினால் வேறு மலையில் வேறு மானுக்கு விண்ணப்பித்திருப்பீர்கள். கையேட்டைப் படித்தால் வருமான வரிப் படிவமே தேவலை என்று தோன்றும். மாமனாரிடம் யூனிட் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அந்த யூனிட்டில் தனியார் நிலத்துக்கு மட்டுமான லைசென்ஸ் இருக்கிறதா என்று பாருங்கள். சில யூனிட்களில் அது சீக்கிரம் கிடைக்கும், ஏனென்றால் போக இடம் இல்லாதவர்கள் அதைக் கேட்க மாட்டார்கள். ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து அங்கே குடியிருப்பதால் உள்ளூர்க் கட்டணத்துக்கும் வழி இருக்கிறது. அது சில பத்து டாலர். வெளி மாநிலத்தார் 400 டாலருக்கு மேல் கட்டுகிறார்கள்.

இப்போது வாட்ஸ்அப் மனிதர். இவர்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது.

வவுச்சர் என்பது உண்மையில் இருக்கிற விஷயம்தான். மான்கள் தன் பயிரில் மேய்ந்து வளர்கின்றன என்பதற்காக, குறைந்தது 160 ஏக்கர் விவசாய நிலம் வைத்திருப்பவருக்கு மாநிலம் கொடுக்கும் சலுகை அது. கிடைத்த வவுச்சரை அவர் ஒரு வேட்டைக்காரருக்குக் கொடுக்கலாம், பணம் வாங்கிக்கொண்டும் கொடுக்கலாம். வவுச்சரோடு தன் நிலத்தில் வேட்டையாட அனுமதியும் கொடுத்தாக வேண்டும். இடையில் ஒருவர் வாங்கி, லாபம் வைத்து இன்னொருவருக்கு விற்பது சட்டவிரோதம். ஆக, அந்த மனிதர் உண்மையான வவுச்சரையே வைத்திருந்தாலும் அவர் செய்கிற வியாபாரம் தப்பு. பொய்யான வவுச்சர் என்றால் கேட்கவே வேண்டாம்.

இரண்டு வருடம் முன்பு ஒருவர் என்னிடம் வந்தார். போனில் பணம் அனுப்பினார். பதிலுக்கு வவுச்சரின் போட்டோ வந்தது. வவுச்சர் என்பது லைசென்ஸ் அல்ல, அதைக் கொடுத்து, கட்டணம் தனியாகக் கட்டி, லைசென்ஸ் வாங்க வேண்டும் என்று இவருக்கு யாரும் சொல்லவில்லை. போட்டோவே போதும் என்று நினைத்துவிட்டார். ராத்திரியெல்லாம் வண்டி ஓட்டி விடியற்காலை ராஞ்ச் வாசலுக்குப் போனால் கேட்டில் சங்கிலி, பூட்டு. குளிரில் நின்றுகொண்டிருக்க, நிலக்காரர் கையில் காபிக் கோப்பையோடு பிக்கப்பில் வந்து இறங்கி, "யார் நீங்கள்?" என்று கேட்டிருக்கிறார். போட்டோவில் இருந்த வவுச்சரை அவர் எப்போதோ தன் மைத்துனருக்குக் கொடுத்தாயிற்று. நல்ல மனிதர், திட்டாமல் திருப்பி அனுப்பிவிட்டார். பணம் போனதைச் சொல்லித்தான் இவர் என்னிடம் அழுதார். எனக்கு வயிற்றைக் கலக்கியது வேறு. அன்றைக்கு இவர் எச்-1பியில் இருந்தவர், கையில் எந்த லைசென்ஸும் இல்லை, டிக்கியில் நண்பரின் இரவல் ரைபிளும் ஒரு பெட்டித் தோட்டாவும். நிலக்காரர் வேட்டைத்துறை அதிகாரிக்கு ஒரு போன் போட்டிருந்தால், பிறகு கிரீன் கார்டு விண்ணப்பத்தில் கைது பற்றிய கேள்விக்கு எதை எழுதுவது?

அதனால் அந்த மனிதருக்குப் பதிலே போடாதீர்கள். நண்பரின் மாமனாரிடம் நேராகக் கேளுங்கள்: நிலம் அந்தத் திட்டத்தில் பதிவாகியிருக்கிறதா, இந்த வருடம் மான் வவுச்சர் வருமா, வந்தால் எனக்குத் தருவீர்களா? அவர் கையிலிருந்து உங்கள் கைக்கு, நடுவில் யாரும் வேண்டாம். காசு வாங்கிக்கொண்டு கூட்டிப்போகும் அவுட்ஃபிட்டர் யாராவது வந்து சேர்ந்தால் கொலராடோ பதிவு எண்ணைக் கேளுங்கள். "எண் எல்லாம் எதற்கு, நம்ம ஆள்தானே" என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

குலுக்கலும் விழவில்லை, வவுச்சரும் இல்லை என்றால் ஒரு யோசனை சொல்வார்கள்: "நீ சுடு, மானில் என் லைசென்ஸ் டேக்கை மாட்டிவிடலாம்." கூடாது. கொலராடோவில் அவரவர் லைசென்ஸுக்கு அவரவர்தான் சுட வேண்டும். டேக் கிடைக்காவிட்டால் பைனாகுலரோடு கூடப் போங்கள். மியூல் டீரைப் பார்ப்பதே போதும். கோவேறு கழுதைக்கு இருப்பது போலப் பெரிய காது, அதனால்தான் அந்தப் பெயர். பயந்தால் நாலு காலும் ஒன்றாகத் தரையை விட்டு எழும்பி, ஸ்பிரிங் வைத்த மாதிரி குதித்துக் குதித்துப் போகும். கொஞ்ச தூரம் போனதும் நின்று திரும்பிப் பார்க்கும். மானை விரட்டி அவர்கள் பக்கம் திருப்பிவிடுகிற வேலை மட்டும் வேண்டாம். அது வேட்டைக் கணக்கில் சேரும்.

மற்றவை சுருக்கமாக. ரைபிள் சீசனில் வேட்டைக்காரர் இடுப்புக்கு மேலே 500 சதுர அங்குலம் பளீர் ஆரஞ்சோ பளீர் பிங்க்கோ அணிய வேண்டும், தலையிலும் வேண்டும். கூடப் போகிறவர்களும் போட்டுக்கொள்ளுங்கள், தலை உங்களுடையது. வண்டியில் ஏறும் முன் ரைபிளின் சேம்பர், அதாவது சுடுவதற்குத் தோட்டா ஏறி நிற்கும் அறை, காலியாக இருக்க வேண்டும். பக்கத்து நிலத்துக்காரர் வேலியோ பலகையோ வைக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. வேலி இல்லை என்பதால் அது பொது நிலம் ஆகிவிடாது. எல்லை காட்டும் மேப் ஆப்பைப் போனில் போட்டுக்கொள்ளுங்கள். மான் கிடைத்தால் தலையைப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு, முடிவு வந்த பிறகு கறியைச் சமையுங்கள். மூளையைச் சிதைக்கும் சிடபிள்யூடி நோய் முதலில் தெரியவந்ததே 1967இல் இதே கொலராடோவில், ஃபோர்ட் காலின்ஸில் அடைத்து வளர்த்த மியூல் டீரில்தான். நோயுள்ள மானைத் தின்று மனிதருக்கு வந்ததாக நிரூபணம் இல்லை. இருந்தாலும் நோய் உறுதியான மானின் கறியைச் சாப்பிட வேண்டாம் என்பதுதான் சுகாதாரத் துறையின் அறிவுரை.

மனைவியும் வருவதாக இருந்தால் தாராளமாக வரட்டும். அவர் எச்-4 என்றால் அவருக்கும் அதே தடைதான். உங்கள் லைசென்ஸ் அவருக்கு உதவாது. "அண்ணி, இதைப் பிடிங்க, ஒரு போட்டோ" என்று யாராவது ரைபிளை நீட்டினால் வாங்க வேண்டாம் என்று இப்போதே சொல்லி வையுங்கள்.

கடைசியாக, திரும்பி வந்ததும் ஜாக்கெட்டின் எல்லாப் பாக்கெட்டையும் தட்டிப் பாருங்கள், உள்பாக்கெட்டையும் சேர்த்து. வேட்டைக்குப் போனவர் பையில் ஒரு தோட்டாவாவது தங்கிவிடும். டிசம்பரில் அதே ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு ஊருக்குக் கிளம்புவீர்கள். இந்திய விமான நிலையத்தில் பையிலிருந்து ஒற்றைத் தோட்டா விழுந்தால் ஆயுதச் சட்டத்தில் வழக்கு. அங்கே கொலராடோ லைசென்ஸை நீட்டிப் பயனில்லை.