வகுப்புகளைக் கூட்டினால் வளர்ச்சி கூடுமா?

கேள்வி: டெல்லி மயூர் விஹாரில் வசிக்கிறோம். பிள்ளைக்கு ‘முழுமையான வளர்ச்சி’ வேண்டும் என்று பள்ளியில் வலியுறுத்தியதால், ஆறாம் வகுப்பு படிக்கும் மகனைக் கராத்தே, கீபோர்டு, அபாகஸ், செஸ் என நான்கிலும் சேர்த்தோம். இப்போது அவனுக்கு எதிலும் பிடிப்பில்லை. வகுப்பு முடிந்து வந்தால் ஷூவைக்கூடக் கழற்றாமல் சோபாவில் தூங்கிவிடுகிறான். என் மாமியார் வாழைப்பூ ஆய உட்கார்ந்தால் மட்டும், கூடவே உட்கார்ந்து எழுந்திருக்க மறுக்கிறான். என்ன செய்வது?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, உங்கள் அக்கறையில் குறையில்லை, ஆனால் உடம்புக்கு ஒன்று, காதுக்கு ஒன்று, கணக்குக்கு ஒன்று என்று பிள்ளையைப் பங்கு போட்டுவிட்டோமோ என்று யோசித்துப் பாருங்கள். 1937-இல் வார்தாவில் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வியில், கைத்தொழில் என்பது மற்ற பாடங்களோடு ஒட்டவைத்த இன்னொரு பாடம் அல்ல. நூல் நூற்கும் பிள்ளை, நூற்ற நீளத்தை அளப்பதில் கணக்கையும், பருத்தி விளையும் மண்ணை விசாரிப்பதில் புவியியலையும், தாய்மொழியிலேயே கற்றுக்கொள்ள வேண்டும் என்பதே அதன் அடிப்படை.

உங்கள் வீட்டில் அந்த வேலையைப் பாட்டி செய்துகொண்டிருக்கிறார். மடலை விரித்து, பூவைக் கையில் தேய்த்து, விறைப்பாக நிற்கும் கள்ளனைக் கிள்ளி எடுத்து, கறுக்காமலிருக்க மோரில் போடும்போது அவன் விரல் பழகுகிறது, பொறுமை பழகுகிறது, பாட்டியின் பேச்சில் தமிழும் பழகுகிறது. அந்தக் கள்ளன்தான் பூவின் சூல்தண்டு என்று அப்போது சொல்லுங்கள். புத்தகத்துப் படத்தைவிட அது மனத்தில் நிற்கும். அடுத்த முறை ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்கு அவனையும் அழைத்துச் சென்று, காய்கறிக் கணக்கை அவனிடமே விட்டுவிடுங்கள்.

நான்கு வகுப்புகளில் எது வேண்டும் என்று அவனையே கேட்டு, அதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நிறுத்துங்கள். மிச்சமாகும் மாலைகளில் காலனிப் பூங்காவில் பிள்ளைகளோடு ஓடி விளையாடட்டும். அந்த நேரத்தில் இன்னொரு வகுப்பை நுழைத்துவிடாதீர்கள். பள்ளி கேட்கிறதே என்று தயங்க வேண்டாம். 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கைகூட, முன்னேற்ற அறிக்கையில் ஆசிரியரின் மதிப்பீட்டோடு மாணவன் தன்னைப் பற்றித் தானே செய்யும் மதிப்பீட்டுக்கும் இடம் தரச் சொல்கிறது. அப்படி ஒரு படிவம் வந்தால், நீங்கள் சொல்லிக்கொடுக்காமல் அவனையே எழுத விடுங்கள்.

வகுப்புகளைக் குறைத்து ஒரு மாதம் ஆன பிறகும் சோர்வு நீடித்தால், குழந்தைநல மருத்துவரிடம் காட்டி இரத்தச்சோகை இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.