மாடலின் கணக்கு வேறு, உலகத்தின் காரணம் வேறு

கேள்வி: செயற்கை நுண்ணறிவின் முடிவுகளை விளக்க லைம், ஷாப் போன்ற கருவிகள் இருக்கும்போது, காரண காரிய உறவுகளைத் தனியாக ஆராய வேண்டிய அவசியம் என்ன?

கட்டாயம் ஆராய வேண்டும் என்பதே என் பதில். 2016-இல் வந்த லைம், 2017-இல் வந்த ஷாப் இரண்டையும் நான் வேலையில் அடிக்கடி பயன்படுத்துகிறேன். மாடலில், அதாவது தரவிலிருந்து கற்றுக் கணிக்கும் நிரலில், பிழை தேடுவதற்கு அவை மிகவும் உதவுகின்றன. ஆனால் எந்தத் தகவல் மாடல் தரும் மதிப்பெண்ணை எவ்வளவு ஏற்றியது, எவ்வளவு இறக்கியது என்பதை மட்டுமே அவை சொல்கின்றன. அந்தத் தகவலுக்கும் உண்மையான விளைவுக்கும் என்ன தொடர்பு என்பதை அவற்றிடம் எதிர்பார்க்க முடியாது.

1990-களில் அமெரிக்காவில் நடந்த நிமோனியா ஆய்வு இதற்குத் தெளிவான சான்று. யாரை மருத்துவமனையில் சேர்க்க வேண்டும், யாரை வீட்டுக்கு அனுப்பலாம் என்று தீர்மானிப்பதற்காக, நோயாளி இறக்கும் வாய்ப்பைக் கணிக்கும் மாடல்களை ஆய்வாளர்கள் உருவாக்கினார்கள். அவற்றுள் நியூரல் நெட்வொர்க் என்ற, உள்ளே என்ன கற்றது என்று எளிதில் பார்க்க முடியாத வகை மாடல்தான் மிகத் துல்லியமாகக் கணித்தது. ஆனால் அதே தரவிலிருந்து விதிகளைக் கற்ற இன்னொரு மாடல், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆபத்து குறைவு என்றது. தரவில் அது உண்மைதான். ஆஸ்துமா உள்ளவருக்கு நிமோனியா வந்தால் பெரும்பாலும் நேரே தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்துக் கூடுதல் கவனத்துடன் பார்த்துக்கொண்டார்கள். அதனால் பலர் பிழைத்தார்கள். பிழைக்க வைத்தது சிகிச்சை. மாடலோ அந்தப் பெருமையை ஆஸ்துமாவுக்குக் கொடுத்துவிட்டது. அதை நம்பி ஆஸ்துமா நோயாளியை வீட்டுக்கு அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே அச்சமாக இருக்கிறது. நியூரல் நெட்வொர்க்கும் இதையே கற்றிருக்கக்கூடும், இதைப் போல் வேறு எதையெல்லாம் கற்றிருக்கிறதோ என்ற கவலையால், அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். அந்த ஆய்வில் பங்கேற்ற ரிச் கருவானா, 2015-இல் வெளியான கட்டுரையில் இதை விரிவாக விவரித்திருக்கிறார்.

என் அனுபவத்திலும் ஒன்று உண்டு. கடன் விண்ணப்பங்களை மதிப்பிடும் ஒரு மாடலில் வேலை செய்தபோது, மறுக்கப்பட்ட ஒருவரின் விளக்கத்தைத் திறந்து பார்த்தேன். மதிப்பெண்ணைக் குறைத்த காரணங்களில் முதலாவதாக நின்றது, "தற்போதைய முகவரியில் வசித்த காலம்: 4 மாதம்" என்பது. பழைய வீட்டிலேயே இருந்திருந்தால் கடன் கிடைத்திருக்கும் என்றே அதைப் படிக்கத் தோன்றும். ஆனால் கூடுதல் சம்பளத்தில் வேறு ஊரில் வேலை கிடைத்ததால்தான் அவர் வீடு மாறியிருந்தார். மாறாமல் இருந்திருந்தால் அந்தச் சம்பள உயர்வும் இருந்திருக்காது. முகவரியை மட்டும் பழையபடி வைத்து, சம்பளத்தைப் புதியதாகவே விட்டுவைத்துக் கணக்குப் போட்ட கருவி, எங்குமே வாழாத ஒரு மனிதரைக் கற்பனை செய்திருந்தது.

கணினி அறிவியலின் உயரிய விருதான டூரிங் விருதை 2011-ஆம் ஆண்டுக்குப் பெற்ற கணினி அறிஞர் ஜூடியா பேர்ல் வகுத்த முறை இந்த இடத்தில்தான் கைகொடுக்கிறது. முதலில், எது எதற்குக் காரணம் என்பதை அம்புக்குறிகளால் ஒரு வரைபடமாக வரைந்துகொள்ள வேண்டும். "இப்படி நடந்திருந்தால்?" என்ற கேள்வி வரும்போது, அந்த மனிதரைப் பற்றித் தெரிந்தவற்றிலிருந்து அவருக்கே உரிய பின்னணியை ஊகித்து, ஒன்றை மட்டும் மாற்றி, அந்த மாற்றம் அம்புகளின் வழியே எங்கெல்லாம் பரவும் என்று கணக்கிட வேண்டும். வேலை மாறாதபோது சம்பளமும் முகவரியும் சேர்ந்தே பழைய நிலைக்குத் திரும்பும். அதன் பிறகு மாடலிடம் கேட்டால்தான் கிடைக்கும் பதில் அவருடைய வாழ்க்கைக்குப் பொருந்தும்.

இதில் கடினமான பகுதி அந்த வரைபடம்தான். ஒரே தரவுக்கு, எதிரெதிர்த் திசையில் அம்பு போட்ட இரண்டு வரைபடங்கள் ஒரே அளவுக்குப் பொருந்துவது உண்டு. எது சரி என்று எண்களை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. துறையை அறிந்தவர்களிடம் கேட்க வேண்டும், இயன்ற இடத்தில் சோதனை செய்து பார்க்க வேண்டும். தீவிர சிகிச்சைப் பிரிவு என்ற அம்பு மருத்துவர்களுக்குத் தெரிந்திருந்தது, மாடலுக்குத் தெரியவில்லை. நாங்களும் விண்ணப்பங்களைத் தினமும் கையாளும் அலுவலர்களோடு உட்கார்ந்து, எந்த அம்பு எங்கிருந்து எங்கே போகிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டோம். வேலை மாற்றத்திலிருந்து முகவரிக்கு ஓர் அம்பு வேண்டும் என்பதை அவர்கள் உடனே சொல்லிவிட்டார்கள். எங்கள் தரவில் வேலை மாறிய தேதிக்கென்று ஒரு நெடுவரிசையே இல்லை என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிய வந்தது.